குருதிச் சோதனையும் இரும்புச் சத்தும்

(ஜவ்வாது மலையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசுமாறு பணித்த பொருள் மருத்துவத்தைச் சார்ந்தது. யானோ தமிழ் பயிற்றும் ஆசிரியன், நாடி பார்த்தறியேன், ஊசி பிடித்தறியேன். எனினும் இப்பொருளை என்பால் விடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் மலையூர்களிலிருந்து குருதிச் சோதனைக்குச் சென்று மீள்வோர், சோதனைச் சாலையார் கொடுத்த சீட்டைப் படித்துப் பொருள் கூறுமாறு பள்ளிக்கூடத்திற்குக் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. சீட்டு முழுவதும் ஆங்கிலம். எண்களுக்கு எதிரே சிறிய அம்புக்குறிகள். அம்பு கீழ்நோக்கினால் அச்சம், மேல்நோக்கினால் பேரச்சம். அவ்வச்சத்தோடு நேரே மருந்துக் கடைக்குச் சென்று, கூலிப் பணத்தில் பாதியைக் கொடுத்து, வண்ண வண்ணப் புட்டிகளை வாங்கி வருவோரும் உளர். சீட்டை மடித்துக் கூரையிற் செருகிவிட்டு மறந்துபோவோரும் உளர். இவ்விரண்டும் தவறு என்பதே யான் இன்று கூறவந்தது.

ஒரு செய்யுளுக்குப் பதவுரை, கருத்துரை, விசேடவுரை என்று உரை வகுத்துக் கூறுதல் எம்மனோர் தொழில். அம்முறையே இச்சீட்டிற்கும் உரை கூறுவேன். மருந்து விதித்தல் மருத்துவர் கடமை. அதில் யான் தலையிடேன். மருத்துவர் முன் அமர்ந்து கேட்க வேண்டியவற்றைக் கேட்கத்தக்க அறிவு நமக்கு வேண்டும் என்பதே என் கருத்து.

இப்பொருளை எடுத்ததேன்?

நம் ஊர்களில் "சோகை பிடித்தவள்" என்று ஒருத்தியைச் சொன்னால் சோம்பேறி என்று பொருள்கொள்வாரும் உண்டு. இது பெருங்கொடுமை. சோகை என்பது நோய், குணக்கேடன்று. சித்த மருத்துவ நூலார் இதனைப் பாண்டு என்று பெயரிட்டு நெடுங்காலத்திற்கு முன்னரே வகுத்துரைத்தனர். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர்க்குச் சோகை உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர்க்கு உண்டு. பாதிக்கு மேற்பட்டோர் என்பதை உன்னிப் பாருங்கள். நூற்றில் ஐம்பத்துமூவர் சோம்பேறிகளாய்ப் பிறந்தனர் என்று எவரேனும் கூறத் துணிவரோ?

சமவெளியில் வாழ்வார்க்கும் நமக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளைப்பேற்றின்போது ஒரு தாய்க்குக் குருதி பெருகுமாயின், நகரத்தாள் அரை நாழிகையில் பெரிய மருத்துவமனையை அடைவாள். நம் குக்கிராமத்தாள் முதலில் நல்ல பாதைக்கு வந்து, பின்னர் வண்டியேறி, வளைவுகள் பல கடந்து, அதன் பின்னரே போளூரோ திருப்பத்தூரோ வேலூரோ சேர வேண்டும். உடலில் குருதிச் செல்வம் நிறைந்தவள் அவ்விழப்பைத் தாங்குவாள். முன்னரே வெளுத்திருப்பவள் தாங்காள். ஆதலால் சமவெளியாரினும் நமக்கே இவ்வறிவு மிகுதியும் வேண்டற்பாலது.

குருதியும் இரும்பும்

மனித உடலில் உள்ள இரும்பு முழுவதையும் ஒன்றுசேர்த்தால் மூன்று அல்லது நான்கு கிராம் அளவே இருக்கும். ஒரு சிறு ஆணியின் எடை எனலாம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குருதியின் செவ்வணுக்களுள் ஹீமோகுளோபின் என்னும் பொருளாய் நின்று, மூச்சிழுக்கும் காற்றிலுள்ள உயிர்க்காற்றை உடலெங்கும் சுமந்து செல்கின்றது. அஃது குறையின் நடந்தால் இளைப்பு, படித்தால் களைப்பு, ஏறினால் நெஞ்சுப் படபடப்பு, எப்போதும் உறக்கம். வகுப்பில் தூங்கும் மாணவியை அடிப்பதற்கு முன், அவள் கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கின்றதா என்று ஆசிரியர்கள் பார்த்தல் நன்று.

ஒரு செவ்வணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். அழிந்த அணுவின் இரும்பை உடல் எறிந்துவிடுவதில்லை. சிக்கனமான இல்லத்தரசி போல் மீட்டு வைத்துக்கொள்கின்றது. ஆதலின் ஓர் ஆடவன் நாளொன்றுக்கு இழக்கும் இரும்பு ஒரு மில்லிகிராம் அளவே. மாதவிடாய் உடைய பெண்ணுக்கு இழப்பு அதனினும் மிகுதி. கருவுற்றவளுக்கோ அப்பேறுகாலம் முழுமைக்குமாக ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் கூடுதலாகத் தேவைப்படுகின்றது. பெண்டிர்க்கே இந்நோய் மிகுவதேன் என்பது இதனால் விளங்கும்.

இனி ஓர் உவமை கூறுவேன். நம் வீட்டில் சாமையைக் குதிரில் நிறைத்து வைக்கின்றோம். நாடோறும் வேண்டியதை முறத்தால் எடுத்து உலைப்பானைக்குக் கொண்டுசெல்கின்றோம். குருதியின் ஹீமோகுளோபின் உலைப்பானை. ஃபெரிட்டின் என்னும் பொருள் குதிர். குருதியில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரின் என்பது முறம். விளைச்சல் குறைந்த ஆண்டில் முதலில் வெறுமையாவது குதிரே. பானை பின்னரே காய்கின்றது. ஆகவே பானையில் சோறு இருக்கின்றது என்பதைக் கண்டு குதிரும் நிறைந்திருக்கின்றது என்று எண்ணலாகாது. ஹீமோகுளோபின் சரியாயிருந்தும் களைப்புடையார் சிலர்க்கு ஃபெரிட்டின் குறைந்திருத்தல் இதனாலேயாம்.

பதவுரை: சீட்டிலுள்ள சொற்கள்

முதலாவது ஹீமோகுளோபின். நூறு மில்லிலிட்டர் குருதியில் இத்தனை கிராம் என்று அளந்து கூறுவர். வளர்ந்த ஆடவர்க்கு 13, கருவுறாத பெண்டிர்க்கு 12, கருவுற்றவர்க்கு 11 ஆகிய இவற்றிற்குக் குறைந்தால் சோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. கருப்பத்தின் நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் 10.5 என்று கொள்வர். கருவுற்றவர்க்கு 7க்குக் கீழாயின் அஃது கொடிய சோகை. மாத்திரையை நம்பி வீட்டில் இருத்தலாகாது. உடனே மருத்துவமனை சேர வேண்டும்.

இங்கே மலைவாழ்நர் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உயரம் ஏறஏறக் காற்று மெலிதாகின்றது. அதற்கு ஈடாக உடல் ஹீமோகுளோபினைச் சிறிது மிகுதியாகவே ஆக்கிக்கொள்கின்றது. ஆதலின் உலகச் சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில், 500 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை உயரமுள்ள இடங்களில் வாழ்வோர்க்கு மேற்கூறிய எல்லையோடு 0.4 கூட்டிக்கொள்ள வேண்டும் என்றுள்ளது. நம் காவலூர் வானாய்வுக்கூடம் நிற்கும் இடம் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். ஆகவே சமவெளிப் பெண்ணுக்கு 12 எல்லையாயின், நம் மலைப் பெண்ணுக்கு 12.4 எல்லை. கீழே அச்சிட்ட சீட்டு இதனைக் கூறாது. நாமே நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது எம்.சி.வி. என்பது. இது செவ்வணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை இயல்பு. 80க்குக் குறைந்தால் அணு சிறுத்தது. இரும்புக் குறைவு அதற்குப் பெரும்பாலும் காரணம். 100க்கு மிகுந்தால் அணு பருத்தது. வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைதல் அதற்குரிய காரணங்களுள் முதன்மையானது. மதுவும் கல்லீரல் நோயும் தைராய்டுக் குறைவும் பிற காரணங்கள். இரும்பும் பி12உம் ஒருங்கே குறையின், சிறுத்தனவும் பருத்தனவும் கலந்து சராசரி இயல்பாகவே தோன்றும். அப்போது ஆர்.டி.டபிள்யூ. என்னும் எண் உயர்ந்து நின்று, அணுக்கள் ஒரே அளவின அல்ல என்று காட்டிக்கொடுக்கும். ஊரார் அனைவர்க்கும் சராசரி நிலம் இரண்டு ஏக்கர் என்று கணக்கெழுதினால் நிலமற்றவன் மறைந்துபோகின்றான் அல்லவா? அதுபோல் என்க.

மூன்றாவது ஃபெரிட்டின். ஒரு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் குறைந்தால் குதிர் வெறுமை என்பது பெரியவர்க்கு உரிய வரையறை. ஐந்து வயதிற்குட்பட்டார்க்கு 12. ஆனால் காய்ச்சலோ, புண்ணோ, தொற்றோ உள்ள காலத்து ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அந்நிலையில் பெரியவர்க்கு 70க்குக் குறைந்தாலும் இரும்புக் குறைவு உண்டென ஐயுறலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. ஆதலால் காய்ச்சல் தணிந்த பின்னர்ச் சோதித்தல் நலம். சோதித்தாயின் காய்ச்சல் இருந்ததை மருத்துவர்க்குச் சொல்லுதல் கடமை.

நான்காவது சீரம் அயர்ன் என்னும் குருதி இரும்பு. இது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாத்திரை உண்டபின் வேறொன்று. இவ்வெண் ஒன்றை மட்டும் கொண்டு எதனையும் துணியலாகாது. முறங்களில் எத்தனை பங்கு நிறைந்துள்ளது என்று காட்டும் விழுக்காட்டோடு சேர்த்தே இதனைப் பார்ப்பர். அவ்விழுக்காடு 16க்கும் கீழ்ச் செல்லின் இரும்புப் பற்றாக்குறை என்று பொதுவாகக் கொள்வர்.

ஐந்தாவது வைட்டமின் பி12. ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் குறைந்தால் குறைவு. 200க்கும் 300க்கும் இடையில் நிற்பது ஐயத்திற்குரியது. இச்சத்து தாவரங்களில் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் ஆகியவற்றில் உண்டு. நீரிழிவுக்கு மெட்பார்மின் உண்போர்க்கும், வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்போர்க்கும் பி12 குறையக்கூடும். கால் மரத்தல், எரிதல், நடை தடுமாறல், மறதி ஆகியன இதன் அறிகுறிகள். நெடுநாள் விட்டுவிடின் நரம்புக்கேடு மீளாமற் போதலும் உண்டு.

ஆறாவது வைட்டமின் டி. 20 நானோகிராமுக்கு மேற்பட்டால் பெரும்பாலோர்க்குப் போதும் என்று அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு 2011இல் தெரிவித்தது. ஆயினும் பல சோதனைச் சாலைகளின் சீட்டில் 30 என்று அச்சிட்டிருத்தலின், 24 உடையவனும் நோயாளியெனக் கீழம்பு பெறுகின்றான். நோய்க்குறி யாதும் இல்லார்க்கு இச்சோதனையை வழக்கமாகச் செய்தல் வேண்டா என்று 2024ஆம் ஆண்டின் எண்டோகிரைன் சங்க நெறிமுறை கூறுகின்றது.

கருத்துரை: அம்புக்குறியின் பொருள்

இயல்பளவு என்று சீட்டின் ஓரத்தில் அச்சிட்ட எல்லைகள் பெரும்பாலும் எங்ஙனம் வகுக்கப்பட்டன? நலமுடையார் பலரை அளந்து, அவருள் நடுவில் நிற்கும் நூற்றுக்கு 95 பேரின் அளவை எல்லையாகக் கொண்டனர். ஆகவே நலமுடையாருள்ளேயே இருபதில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பர். முழுவுடற் பரிசோதனை என்று முகவர்கள் ஊர்தோறும் வந்து விற்கின்றார்களே, அதில் ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகள் இருப்பதாகக் கொள்வோம். நோய் ஏதுமில்லாத நூறு பேர் அதனைச் செய்துகொண்டால், அவருள் ஏறக்குறைய 64 பேர்க்கு ஓர் அம்புக்குறியாவது விழும் என்பது கணக்கு. அம்பைக் கண்டவுடன் புட்டி வாங்குவோன், நோய்க்கு மருந்து வாங்கவில்லை. கணக்கிற்கு மருந்து வாங்குகின்றான்.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. இரும்பு குறைந்தது என்று தெரிந்தவுடன் இரும்பு கொடுத்தலோடு அமைந்துவிடுவது அது. குதிர் வெறுமையாயிற்று என்றால், விளைச்சல் குறைந்ததா, அன்றி எலி தின்கின்றதா என்று பார்க்க வேண்டாவா? திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் 95ஆவது. அதன் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியே பேசி, அதன் பின்னரே நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்தலைக் கூறுகின்றது. அவ்வைப்புமுறை இன்றும் பொருந்தும்.

நம் மலையில் அவ்வெலி பெரும்பாலும் கொக்கிப்புழு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பார் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடற்சுவரைக் கௌவிக் குருதி குடிக்கும் புழு அது. செருப்பும் கழிப்பிடமும் அதற்குரிய வேலி. ஆண்டுக்கு இருமுறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரை அதற்குரிய மருந்து. அம்மாத்திரையைத் தின்னாமல் பையில் வைத்துக் கொண்டுவந்து எறியும் பிள்ளைகளைப் பெற்றோர் கண்டித்தல் வேண்டும். மற்றும், மிகுந்த மாதவிடாய், மூலம், வயிற்றுப்புண் ஆகியனவும் எலிகளே. ஓர் ஆடவனுக்கோ, மாதவிடாய் நின்ற மூதாட்டிக்கோ இரும்பு குறைந்தால், குடலில் எங்கேனும் குருதி கசிகின்றதா என்று மருத்துவர் ஆராய்ந்தே தீரவேண்டும். புற்றுநோயின் முதற்குறி அதுவாயிருத்தலும் கூடும்.

எல்லாச் சோகைக்கும் இரும்பே மருந்தன்று என்பதை நம் நாட்டு வரலாறே காட்டும். 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி இந்தியா வந்து, பம்பாய் ஆலைகளில் உழைத்த கருவுற்ற ஏழைப் பெண்டிரின் கொடுஞ்சோகையை ஆராய்ந்தார். அவர்தம் அணுக்கள் பருத்திருந்தன. 1929இல் நம் நீலகிரியின் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தும், 1931இல் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் அவர் பணிசெய்தார். ஈஸ்டு என்னும் நொதியின் சாரம் அச்சோகையைத் தீர்க்கின்றது என்று 1931இல் அவர் வெளியிட்டார். அதனுள் இருந்த சத்தே பின்னர் 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிடப்பட்டது. 1945இல் அதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாய் ஆக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948இல் பி12 பிரித்தெடுக்கப்பட்டது. இன்று நம் தாய்மார்கள் உண்ணும் சிவப்பு மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருத்தற்கு இவ்வுழைப்பே காரணம்.

விசேடவுரை: குலத்தார் அறியவேண்டியது

அணு சிறுத்தும் ஃபெரிட்டின் இயல்பாகவே இருக்குமாயின், அது தலசீமியா என்னும் பரம்பரைத் தன்மையாயிருக்கலாம். அதனைப் போன்றே அரிவாள் வடிவ அணுத்தன்மையும் ஒன்றுண்டு. நீலகிரிப் பழங்குடிகள் சிலரிடம் அஃது உண்டென 1952லேயே அறிஞர் கண்டு எழுதினர். இவ்விரண்டும் இரும்பால் தீர்வன அல்ல; இரும்புக் குறைவு உறுதியாகாத நிலையில் மாதக்கணக்காய் இரும்பு உண்பது வீண்; அடிக்கடி குருதி ஏற்றிக்கொள்வார்க்கு அது கேடுமாம்.

ஒருபாதித் தன்மை உடையவர் நோயாளியல்லர். உழுவார், ஓடுவார், நீடு வாழ்வார். ஆனால் கணவன் மனைவி இருவருமே அத்தன்மையுடையராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முழுநோய் வருதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே கொண்டு கொடுக்கும் நாம் இதனைக் கருதாதிருத்தல் தகாது. உறவை விடுக என்று யான் கூறவில்லை. திருமணம் பேசுமுன் இருவர் குருதியையும் ஒருமுறை சோதிக்க என்றே கூறுகின்றேன். 2023ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தொடங்கிய தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம், பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் இச்சோதனையைச் செய்து அட்டை வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. அட்டையை மறைத்தலும், அதுகொண்டு ஒரு பெண்ணைத் தள்ளிவைத்தலும் நம் குலத்திற்கு இழுக்கு. தன்மை தந்தையாலும் வரும், தாயாலும் வரும்; பெண்ணொருத்தியைப் பழித்தற்கு அதில் இடமே இல்லை.

மருந்தைத் தேர்தல்

நம் முன்னோர் அறிந்த அன்னபேதி என்பதும், இன்று மாத்திரையாய் வரும் ஃபெரஸ் சல்பேட் என்பதும் ஒரே இரும்புப்பொருள்தான். ஆகவே இரும்பு மருந்து நமக்குப் புதிதன்று. புதிது அளவறிதலே. மாத்திரை உறையில் ஃபெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம் என்றிருப்பின், அதிலுள்ள தனியிரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராமே. ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மில்லிகிராமில் 35 அளவே. உப்பின் எடையை நோக்காது தனியிரும்பின் எடையை நோக்குக. விலையுயர்ந்த புட்டியில் தனியிரும்பு மிகக் குறைவாய் இருத்தலும், இலவச மாத்திரையில் நிறைவாய் இருத்தலும் உண்டு.

அரசு தரும் மாத்திரைகளின் அளவு இது. 2018இல் வகுத்த திட்டப்படி, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகட்கு வாரம் ஒன்று, 45 மில்லிகிராம். 10 முதல் 19 வயதினர்க்கு வாரம் ஒன்று, 60 மில்லிகிராம், நீலநிறம். கருவுற்றவர்க்கு நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்று, 60 மில்லிகிராமும் ஃபோலிக் அமிலமும், 180 நாள். பேற்றுக்குப் பின்னரும் 180 நாள். இவை நோய் வாராமற் காக்கும் அளவு. நோய் வந்தபின் உண்ணும் அளவை மருத்துவர் கூறுவர்.

உண்ணும் முறையும் முக்கியம். தேநீர், காப்பி, பால், சுண்ணச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு இரும்பைச் சேர்த்து உண்ணலாகாது. இடையே ஒரு மணி நேரமேனும், சுண்ணச்சத்திற்கு இரண்டு மணி நேரமும் விடுக. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் விடுக. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்கனியோ உடன் உண்பின் இரும்பு நன்கு சேரும். மலம் கருநிறமாதல் இயல்பு, அஞ்சற்க. வயிறு புரட்டினால் மாத்திரையை எறியாமல் மருத்துவரிடம் சொல்லி அளவையோ வகையையோ மாற்றிக்கொள்க. ஒருநாள் உண்ட இரும்பு மறுநாள் இரும்பு குடலிற் சேர்வதைச் சிறிது தடுக்கின்றது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுதலின், ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணுமாறு மருத்துவர் சிலர்க்குக் கூறுவதுண்டு. கருவுற்றவர்கள் தாமாக அங்ஙனம் மாற்றிக்கொள்ளலாகாது.

மருந்து பலிக்கின்றது என்பதற்கு அடையாளம், ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமேனும் உயர்தல். உயராவிடின் காரணத்தை மீண்டும் ஆராய வேண்டும். இயல்பளவை எட்டியவுடன் நிறுத்திவிடுவது பெரும்பாலோர் வழக்கம். பானை நிறைந்தது, குதிர் நிறையவில்லை. ஆகவே மேலும் மூன்று மாதம் உண்ண வேண்டும்.

இரும்பு மாத்திரை குழந்தைகள் கைக்கு எட்டலாகாது. வண்ணம் கண்டு மிட்டாய் என்று பலவற்றை விழுங்கிய குழந்தை உயிரிழத்தலும் கூடும். வைட்டமின் டி 60,000 அலகு உள்ள மருந்தை வாரம் ஒன்றென விதித்திருக்க, நாடோறும் உண்டு குருதியில் சுண்ணம் மிகுந்து சிறுநீரகம் கெட்டோரும் உண்டு. பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் மட்டும் உண்பின், குருதி தேறியது போலத் தோன்ற, நரம்புக்கேடோ உள்ளே வளரும். முடி வளர்தற்கென உண்ணும் பயோட்டின், சில குருதிச் சோதனைகளின் விடையையே பொய்யாக்கும்; சோதனைக்கு முன் அதனைச் சொல்லிவிட வேண்டும். இன்னும், மருத்துவப் பயனுக்கன்று என்னும் எச்சரிக்கை பொறித்த புட்டி உணவுத்துணையே. நோய் தீர்க்கும் மருந்தன்று.

உணவு

சாமை நம் மலையின் பெருமை; அதில் ஐயமில்லை. ஆனால் சாமை உண்டால் இரும்பு நிறைந்துவிடும் என்று மேடைதோறும் கூறுவது பொருந்துமா? பழைய அட்டவணைகளில் நூறு கிராம் சாமைக்கு 9.3 மில்லிகிராம் இரும்பு என்றிருந்தது. ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் மீண்டும் அளந்து வெளியிட்ட அட்டவணையில் 1.26 என்றே உள்ளது. கேழ்வரகில் 4.62, கம்பில் 6.42. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென 2020இல் வகுத்தனர். ஆகவே சாமைச் சோற்றோடு கேழ்வரகுக் களியும், கீரையும், பயறும், இயன்றார்க்கு முட்டையும் ஈரலும் கருவாடும் சேர வேண்டும். தானியத்தின் இரும்பு எளிதில் உடலிற் சேராது. முளைகட்டுதலும் புளிக்கவைத்தலும் அதனை நெகிழ்விக்கும். நம் காட்டு நெல்லியைச் சந்தையில் விற்றுவிட்டு, அப்பணத்தால் வைட்டமின் சி மாத்திரை வாங்குதல் என்ன அறிவுடைமை?

முடிவுரை

ஆதலால் அன்பர்களே, நான்கு செய்திகளை இல்லந்தோறும் எடுத்துச் செல்லுமாறு வேண்டுகின்றேன். சோதனைச் சீட்டுகளைத் தேதி வரிசையாய் ஓர் உறையிலிட்டுக் காத்துவைக்க. ஒரு சீட்டினும் இரண்டு சீட்டின் வேறுபாடே மிகுதியும் பேசும். சீட்டோடு மருத்துவரைக் காணும்போது, யாது குறைந்தது, ஏன் குறைந்தது, எத்தனை நாள் மருந்து, மீண்டும் எப்போது சோதனை என்று கேட்க. இலவசமாய்க் கிடைக்கும் மாத்திரையை இழிவென்று எண்ணற்க. பெண்மக்கள் உண்ணுதலில் கடைசிப் பந்தியாய் நிற்கும் வழக்கத்தை நம் வீடுகளிலிருந்து ஒழிக்க. கடைசியில் எஞ்சுவது சோறே, குழம்பில் இருந்த கீரையும் முட்டையும் அல்ல.

இளைஞர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலம் படித்தவர் நம்முள் இன்று பலர் உளர். ஊருக்கு இருவர் முன்வந்து, அயலாரின் சீட்டைப் பொறுமையாய்ப் படித்துச் சொல்லி, கருவுற்றவளை உரிய நாளில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வரேல், அதனினும் சிறந்த குலத்தொண்டு வேறில்லை. மண்டபம் கட்டுவோம், விழா எடுப்போம். அவற்றோடு, நம் மலையில் இனி ஒரு தாயும் குருதியின்மையால் வழியில் மடியலாகாது என்னும் உறுதியையும் எடுப்போமாக.